குடிக்காத நாட்கள்

கன்னி மாதா துணை
சான் லூகாஸ், மிச்சோவாகான்
14 ஜனவரி 1987

அன்புத் தங்கை தோமித்திலாவுக்கு அண்ணன் எலிஹியோ எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி எவேலியா, பிள்ளைகள், பன்றிகள் எல்லாரும் சௌக்கியம். பன்றிகளின் சௌக்கியம் மட்டும் சனிக்கிழமை வரைதான். திஹுவானாவில் குளிர் எப்படி? உடைந்த மணிக்கட்டு வலிக்கிறதா? எழுது.

உட்கார்ந்துகொண்டு படி. நான் சத்தியம் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா படத்துக்கு முன்னால் மண்டி போட்டு, ஆறு மாசத்துக்கு ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சொன்னேன். பாதிரியார் நபோர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. ஜூலை 11 வரை. யாராவது ஒரு வாய் குடி என்று வற்புறுத்தினால் சீட்டை எடுத்துக் காட்டுகிறேன், வாயை மூடிக்கொள்கிறார்கள். டாக்டர் என் ஈரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலிஹியோ, உன் கடைச் சட்டியில வறுபடுறது பன்னி மட்டும் இல்லப்பா" என்றார். இன்னொரு வருஷம் இப்படியே போனால் எவேலியா கறுப்பு உடுத்த வேண்டியதுதானாம்.

ஆனால் டாக்டருக்குப் பயந்து நான் மண்டி போடவில்லை. அக்டோபரில் நீ கையில் கட்டோடு என் வாசலில் வந்து நின்றாய். நான் போதையில் மூன்று தரம் "யாரு? யாரு நீ?" என்று கேட்டேனாம். எவேலியா சொன்னாள். அது என் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

அதனால் இன்னொரு காரியமும் செய்தேன். என் பக்கத்தில் மண்டி போட்டது யார் தெரியுமா? உன் புருஷன். நான்தான் அவர் பூட்டுக் கடைக்குப் போய் இழுத்து வந்தேன். "குடிதான மாப்ள உங்க குடும்பத்தக் கெடுத்துச்சு? அத விட்டுருங்க, எந்தங்கச்சி தானா வருவா" என்றேன். மாப்பிள்ளை அபுந்தியோ ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ஆறு மாசம்தானே மச்சான்" என்றார். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே சத்தியம். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடு என்று வைத்துக்கொள். அவர் தாண்டினால் நானும் தாண்டுவேன். அவர் விழுந்தால் நான் நேராகச் சாராயக்கடைதான்.

உன் விலாசத்தை யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படாதே. சந்தோஷமாக ஒரு பதில் போடு.

உன் அண்ணன்,
எலிஹியோ


திஹுவானா
2 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணனுக்கு தோமி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் கடிதம் நேற்று வந்தது. அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இன்று மெழுகுவர்த்தித் திருநாள் அல்லவா, என்னோடு அறையில் தங்கியிருக்கும் இமெல்தா சோள மாவில் தமால் அவித்தாள். சினலோவாக் கடற்கரைக்காரி, இறால் வைத்துச் செய்கிறாள். "உங்க ஊர்ல பன்னிய விட்டா வேற ஜீவனே கெடையாதாடி?" என்று கேட்கிறாள்.

நீ சத்தியம் செய்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இமெல்தாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். விட்டுவிடாதே அண்ணா.

நானும் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. இங்கே வரும்போது நாற்பது மணி நேரம் பஸ். சொனோரா பாலைவனத்தில் பஸ் நின்றபோது, கழிப்பறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இனி ஒரு நாளும் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதிரியார் இல்லை, முத்திரை இல்லை, தேதியும் இல்லை. மீறினால் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் மீறுவது சுலபம் என்று பயமாக இருக்கிறது.

அவர் சத்தியம் செய்ததைப் பற்றி எழுதியிருந்தாய். பார்த்தேன்.

விலாசத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை,
தோமி


சான் லூகாஸ்
8 மார்ச் 1987

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள். இங்கே எல்லாரும் சுகம், எனக்கு நாலு கிலோ கூடியிருக்கிறது. நீ இளைத்திருப்பாய். அந்த இறால்காரியின் கைச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது.

தவக்காலத்துக்கு முந்தின திருவிழாக் கூத்தெல்லாம் தாண்டி, சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியாயிற்று. தெருவே மிதந்தது தோமி. நான் சீட்டைக் காட்டிக் காட்டி அதன் ஓரமே கிழிந்துவிட்டது. எவேலியா அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அவள் எனக்காகச் சிரித்துக்கொண்டே ஒரு காரியம் செய்து இப்போதுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஆளே மாறிவிட்டார். கை நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. ஊசித் துளையளவு சின்னப் பூட்டைக்கூட ஒரே மூச்சில் திறக்கிறார். பாதிரியார் கோவில் பூட்டுகளையெல்லாம் அவரிடம்தான் கொடுத்திருக்கிறார். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சத்தமே இல்லை. உட்கார்ந்ததும் தட்டு, கரண்டி, உப்புக் கிண்ணம் எல்லாவற்றையும் நேராக வைப்பார், பிறகுதான் சாப்பிடுவார். பிள்ளைகள்கூட அவர் முன்னால் வாயைத் திறப்பதில்லை. அவ்வளவு மரியாதை.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, பெருந்தன்மை. போன வாரம் மட்டும், "தோமிக்கு பேக்டரில காலை ஷிப்டா, சாயங்கால ஷிப்டா?" என்றார். காலை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

பதில் எழுது. ஈஸ்டருக்குள் உன் கடிதம் வர வேண்டும்.

எலிஹியோ


திஹுவானா
20 மார்ச் 1987

அண்ணனுக்கு. நலம், உன் நலமும் அப்படியே இருக்கட்டும். நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

என் ஷிப்டை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவர் உண்மையிலேயே கொஞ்சம்கூடக் குடிப்பதில்லையா? சனிக்கிழமைகளில்கூடவா? சாப்பிடும்போது பேசுகிறாரா? அண்ணி எதையாவது இடம் மாற்றி வைத்தால் என்ன செய்கிறார்?

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளை அவர் மேசையில் உட்கார வைக்காதே, தனியாகச் சாப்பிடட்டும்.

தோமி


சான் லூகாஸ்
13 ஏப்ரல் 1987

அன்புத் தங்கைக்கு. எல்லாரும் நலம். நேற்றுக் குருத்தோலை பவனி நன்றாக நடந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு எவேலியாவிடம், "பாத்தியா, குடிக்கிறாரா, பேசுறாரா, சாப்புடுறாரான்னு அக்கறையா கேக்குறா, மனசு எளகிருச்சு" என்றேன். அவள் நிமிராமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு இல்லையம்மா. சனிக்கிழமையும் இல்லை. போதுமா?

இப்போது என் மானத்தை வாங்கும் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை பெரிய பன்றி ஒன்று செத்துப்போனது. நஷ்டத்தைவிட எரிச்சல்தான் அதிகம். கால்கள் தாமாகச் சாராயக்கடைக்குப் போய்விட்டன. கதவில் கை வைத்துவிட்டேன். எங்கிருந்தோ மாப்பிள்ளை வந்தார். முழங்கைக்கு மேலே பிடித்தார். நகரவே முடியவில்லை. நூறு கிலோ பன்றியைத் தனியாளாகத் தூக்குகிறவன் நான். "வீட்டுக்குப் போலாம் மச்சான்" என்று காதோரம் மெதுவாகச் சொன்னார். வீடு வரைக்கும் பிடியை விடவே இல்லை. ஐந்து விரலும் பதிந்து நீலமாக இருக்கிறது. அக்கறை என்றால் அதுதான் அக்கறை!

எவேலியா அந்தக் கன்றலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, "தோமிக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு" என்றாள். "அப்ப குடிச்சிருந்தாரு, இப்ப என்னைக் காப்பாத்தியிருக்காரு, ரெண்டும் ஒண்ணா?" என்று அவளை அடக்கினேன்.

அவர் இல்லையென்றால் நான் வெள்ளிக்கிழமையே விழுந்திருப்பேன். இது எதற்காக என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தாங்குகிறேன். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத்தான். அது இல்லையென்று ஆனால் இந்தச் சீட்டு எனக்கு வெறும் அட்டை.

ஈஸ்டர் வாழ்த்துகள். கையைப் பார்த்துக்கொள்.

எலிஹியோ


திஹுவானா
10 மே 1987

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு அன்னையர் தின வாழ்த்துச் சொல். நான் நலம். உன் ஈரல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எழுது.

என் சங்கதிகள்: பேக்டரியில் என்னைச் சோதனை மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஈயம் பற்றவைத்த மின்சுற்றுப் பலகையில் பிசகு இருக்கிறதா என்று பார்ப்பது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன், முப்பத்தோரு வயதில்! இமெல்தா பின்னால் ஓடிவந்து, "விழுந்தா விழுடி, யாரு அடிக்கப் போறா?" என்று கத்தினாள். நான் நடுரோட்டில் நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவளுக்குப் புரியவில்லை.

அறையில் கோப்பையைக் கழுவி எங்கே வேண்டுமானாலும் வைக்கிறேன். முதல் மாதம் வைத்துவிட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை.

கீழே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். பெரிதாக எண்ணாதே.

ஒன்று மட்டும் கேள். ஜூலையில் உன் சத்தியம் முடிந்ததும் புதுப்பித்துக்கொள். எனக்காக வேண்டாம், அவருக்காகவும் வேண்டாம், உனக்காகச் செய். அவர் குடித்தால் குடிக்கட்டும். தடுக்காதே. நீயே கூப்பிட்டுக் கொடுத்தாலும் நான் தப்புச் சொல்லமாட்டேன்.

தோமி


சான் லூகாஸ்
14 ஜூன் 1987

தங்கைக்கு. இங்கே எல்லாரும் சுகம். ஒரு மாசமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம். மறைக்க என்ன இருக்கிறது?

நீயே கூப்பிட்டுக் கொடு என்றா எழுதுகிறாய்? ஒரு மனுஷன் நாக்கைக் கட்டி, உடம்பைக் கட்டி ஐந்து மாசம் உனக்காகத் தவம் கிடக்கிறான். அவன் விழுந்தால் உனக்குத் திரும்பி வராமலிருக்க ஒரு சாக்குக் கிடைக்கும், அதுதானே? சைக்கிள் ஓட்டினால் இவ்வளவு திமிர் வரும் என்று எனக்குத் தெரியாது.

இனி மறைக்கவில்லை. ஜனவரியில் மண்டி போடுவதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்டார். "முடிச்சா வெலாசம் தருவீங்களா மச்சான்?" தருகிறேன் என்று மாதா முன்னால் சொன்னேன். அவர் தன் வாக்கைக் காப்பாற்றுகிறார், நான் காப்பாற்ற வேண்டாமா? ஜூலை 11ஆம் தேதி கொடுப்பேன். அதுவரை மூச்சுவிடமாட்டேன். உன் அறைக் கதவுக்கு அவர் கையாலேயே ஒரு பூட்டுச் செய்து வைத்திருக்கிறார். வடக்கே திருட்டுப் பயம் அதிகமாம். அவ்வளவு யோசிக்கிறார்.

டாக்டர் சொன்னது: "ஈரல் மன்னிச்சிருச்சு, எலிஹியோ. இன்னொரு தடவ மன்னிக்காது."

கோபத்தில் எழுதினாலும் பாசத்தில் குறைவில்லை.

அண்ணன்


திஹுவானா
23 ஜூன் 1987

அண்ணா,

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் இன்று வந்தது. வேலைக்குப் போகவில்லை.

உன் ஈரலுக்காக ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. நீ இதைப் படித்துவிட்டுக் குடிக்கப் போனால் அது என் பாவமில்லை என்று எனக்கு நானே பல தரம் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவன் குடித்துவிட்டு ஒரு நாளும் என்னை அடித்ததில்லை.

குடித்தால் பாடுவான். அழுவான். செத்துப்போன அவன் அம்மாவைக் கூப்பிடுவான். தூங்கிவிடுவான். கல்யாணமான எட்டு வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்தது அவன் குடித்த நாட்களில்தான். நான் மெஸ்கால் சாராய பாட்டிலைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, புருஷன் அனுப்புகிறான் பாவம் என்று ஊரே பேசியதே, அவன் அனுப்பவில்லை அண்ணா. நானே வாங்கினேன். என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன்.

மணிக்கட்டு உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கோப்பையின் பிடி அவனுக்கு இடப்பக்கம் பார்த்திருந்தது. அதை மெதுவாகத் திருப்பி வைத்தான். "இந்தக் கைதான வச்சது?" என்று கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. அவனுக்குக் குரல் உயராது. முழங்கைக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையால், பூட்டைத் திறப்பது போல நிதானமாகத் திருப்பினான்.

நான் வந்து உன் வாசலில் நின்றபோது நீ குடித்திருந்தாய். மறுநாள் தெளிந்து, "குடிகாரப் பய" என்று அவனைத் திட்டினாய். நீ திட்டியது அவனை இல்லை, உன்னை. எனக்குத் தெரிந்தது. அதனால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் நீ சத்தியம் செய்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் சீட்டைக் கிழித்துவிடுவாய் என்று பயந்தேன்.

அவன் குடிக்காமல் இருந்ததில் நான் பார்த்த மிக நீண்ட காலம் ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் என்ன நடந்தது என்று எழுதமாட்டேன். இன்றோடு நூற்று அறுபத்து மூன்று நாள்.

விலாசம் கொடுக்காதே. மாதா முன்னால் சொன்ன வாக்கு என்று பார்க்காதே. அண்ணியையும் பிள்ளைகளையும் அவன் பக்கம் விடாதே.

தோமி


சான் லூகாஸ், தபால் நிலையம்
3 ஜூலை 1987

தோமி, தோமி, நீ நலமா, இதைத் தவிர எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. தந்தி அடித்துவிட்டேன். இந்தக் கடிதமும் அனுப்புகிறேன், எது முந்துகிறதோ.

கொடுத்துவிட்டேன். 24ஆம் தேதியே கொடுத்துவிட்டேன். சான் ஹுவான் திருநாள், ஊரே குடித்தது, நாங்கள் இரண்டு பேரும் கோவில் வாசலில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். "இன்னும் பதினேழு நாள்தான் மச்சான், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் தாளில்கூட எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான், திரும்ப ஒப்பித்தான்.

இன்று அவன் கடைக்கு ஓடினேன், சட்டி கிண்டும் இரும்புத் தடியோடு. பூட்டியிருக்கிறது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரி, "திங்கக்கெழம போயிட்டாரே, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெ வச்சு. பொண்டாட்டியக் கூட்டியாரப் போறேன்னு சொன்னாரு. நல்ல தெளிவாத்தான் போனாரு எலிஹியோ, நீங்க கும்புட்ட மாதா கைவிடல" என்றாள்.

தெளிவாகத்தான் போனானாம்.

திங்கள் கிளம்பினால் புதன் அங்கே. இன்று வெள்ளி. எவேலியா வீட்டில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இப்போது என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். எதிரே கடை திறந்திருக்கிறது. நான் இன்னும் தபால் நிலையத்துக்குள்தான் இருக்கிறேன்.

ஒரு வரி போடு. ஒரே ஒரு வரி.

எலிஹியோ


19 ஜூலை 1987

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சுவிடு. அண்ணிக்கும் சொல்.

உன் தந்தியும் கடிதமும் முந்தாநாள்தான் கையில் கிடைத்தன. இமெல்தா கொண்டுவந்து ஒரு இடத்தில் கொடுத்தாள். 23ஆம் தேதி உனக்குக் கடிதத்தைப் போட்டேன் அல்லவா, தபால் நிலையத்திலிருந்து நான் அறைக்குத் திரும்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பையோடுதான் போயிருந்தேன். நீ கொடுக்கமாட்டாய் என்று நம்பி உன் பதிலுக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது யோசித்தேன். அப்படிக் காத்திருந்தால், நான் கண்ணாடி முன்னால் சொன்ன வார்த்தை உன் கையில் இருப்பதாக ஆகிவிடும். நீ நல்லவன். ஆனால் உன் கையில் இருப்பதை நீ கொடுத்துவிடுவாய்.

இமெல்தா வேலை செய்யும் இடத்துக்குப் போய் அவளையும் கிளம்பச் சொன்னேன். "எனக்கென்ன, என் புருஷனா அவன்?" என்று தங்கிவிட்டாள். முதல் தேதி சாயங்காலம் வேலை முடிந்து வந்தாளாம். கதவு பூட்டித்தான் இருந்தது. திறந்தால், அவன் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தானாம். அலமாரி முழுக்க நேராக்கியிருந்தான். "தோமி எத்தன மணிக்கு வருவா?" என்று மரியாதையாகக் கேட்டானாம். தெரியாது என்றாள். மூன்று தரம் கேட்டான், மூன்று தரமும் தெரியாது என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால்தான் பிழைத்தாள் என்கிறாள். விரலில் கட்டுப் போட்டிருக்கிறாள், கதவில் நசுங்கியது என்கிறாள். நானும் ஒரு காலத்தில் கதவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் ஊருக்குத் திரும்பியிருக்கமாட்டான். இந்த நகரத்தில்தான் பூட்டு வேலை செய்துகொண்டு எங்கோ இருக்கிறான். எப்போதாவது குடிப்பானா என்று தெரியவில்லை. வேண்டிக்கொள்கிறேன்.

11ஆம் தேதி போய்விட்டது. அன்று நீ என்ன செய்தாய், தபால் நிலையத்திலிருந்து வெளியே வந்து எந்தப் பக்கம் திரும்பினாய், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் அது நான் பிடித்து நிறுத்தக்கூடிய விஷயமில்லை. இத்தனை மாதம் வாயை மூடிப் பிடித்து நிறுத்தியதில் என்ன வந்தது பார். எனக்காக என்று நீ செய்த சத்தியம் முடிந்துவிட்டது. இனி செய்தால் உனக்காகச் செய்.

மேலே ஊர் பெயர் எழுதவில்லை, கவனித்திருப்பாய். உறையில் இருக்கும் முத்திரையை நம்பாதே, வேறு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் கோபமில்லை அண்ணா. சின்ன வயதில் நீ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரியைக் காட்டினாய், அதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் உனக்கு இனி விலாசம் தரமாட்டேன்.

யாராவது வந்து தோமி எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல். நீ பொய் சொல்ல வேண்டியிருக்காது.

தோமித்திலா